கயிற்றை இழுப்பது யார்?

“உங்க ஆபீஸ்லயும் கான்பான் போர்டு வெச்சிருக்கீங்களாமே?” என்று கேட்டான் என் பள்ளித் தோழன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷன். ஒரகடம் சாலை ஜி.எஸ்.டி. சாலையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஷிஃப்ட் மாறும் நேரம் என்பதால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. அவன் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் இருக்கிறான். நான் மென்பொருள். பத்தாம் வகுப்பு வரை ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு அவன் டிப்ளமோ, நான் இன்ஜினியரிங்.

“ஆமாடா, இருக்கு. எல்லாம் ஸ்கிரீன்லதான். கார்டை மவுஸால இழுத்து அடுத்த காலத்துல போடுவோம்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“சரி, ஆண்டான் எங்க இருக்கு?”

“அது இல்ல.”

“அப்ப தப்பு வந்தா யாரு நிறுத்துவா?”

‘எங்களிடம் அதற்கு ஒரு பிராசஸ் இருக்கிறது’ என்ற மாதிரி ஏதோ சொன்னேன். அது பொய். பிராசஸ் இருந்தது, நிறுத்தும் ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அவன் கேள்விக்கு நான் யோசித்துச் சொல்லும் இரண்டாவது பதில். அதற்காக, பத்து வருஷமாக என் வேலையை நடத்திவரும் புத்தகங்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். சான்றிதழ்ப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் இல்லாமல், ஒரு நாவலையோ சட்டப் புத்தகத்தையோ படிப்பதுபோல்: இதில் பேசுவது யார், பேசாமல் இருப்பது யார், ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது?

ஒரு இலக்கிய இதழில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் எதற்கு என்று தோன்றலாம். நம் தலைமுறையில் எத்தனை பேருடைய காலைப் பொழுதை ஒரு நாவல் தீர்மானிக்கிறது? ஸ்க்ரம் கையேடு தீர்மானிக்கிறது. பதினைந்து பக்கம்கூட இல்லாத அந்தப் பிரதிக்குக் கட்டுப்பட்டுத்தான் நம்மில் பலர் தினமும் பதினைந்து நிமிஷம் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் இருக்கிறோம். இவ்வளவு அதிகாரமுள்ள எழுத்துக்கு விமர்சனம் இல்லாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

*

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மெத்தடாலஜி, ஃப்ரேம்வொர்க், ஸ்டாண்டர்ட். ஆபீஸில் இந்த மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம். தமிழில் வழிமுறை, சட்டகம், தரநிலை என்று வைத்துக்கொள்கிறேன். வெண்பா எழுதத் தெரிந்த யாருக்கும் இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும்.

வெண்டளை பிறழக்கூடாது, ஈற்றடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். இது தரநிலை. எப்படி எழுதினாய் என்று இது கேட்பதில்லை. எழுதி முடித்ததை எடுத்து வைத்துச் சரியா தவறா என்று பார்க்கும். பெரிய புலவரானாலும் தளை தட்டினால் தட்டியதுதான். சுட்டிக்காட்டுகிறவன் பள்ளிச் சிறுவனாக இருக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தாதி ஒரு சட்டகம். ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வேண்டும், அவ்வளவுதான். என்ன சொல்வது, எந்த வேகத்தில் போவது என்பதெல்லாம் உன் பாடு. வழிமுறை என்பது வாத்தியார் சொல்லிக்கொடுப்பது: முதலில் ஈற்றடியை வைத்துக்கொள், அதற்கு மேலே ஒவ்வொரு அடியாகக் கட்டு, கடைசியில் எதுகையைச் சரிபார். படிப்படியாக, இன்னதற்குப் பிறகு இன்னது.

புராஜெக்ட் உலகில் பிரின்ஸ் 2 ஒரு வழிமுறை. பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் உருவாகி 1996-இல் இந்த வடிவத்துக்கு வந்தது. எந்தக் கட்டத்தில் யார் எந்தத் தாளை எழுதி யாரிடம் கொடுப்பது என்பது வரைக்கும் சொல்லும். ஸ்க்ரம் தன்னைச் சட்டகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஐ.எஸ்.ஓ. 21502 தரநிலை வரிசையில் வருகிறது, ஆனால் அறிவுரை சொல்லும் வகை, ஐ.எஸ்.ஓ. 9001 மாதிரி சான்றிதழ் வாங்கிக் கம்பெனி வாசலில் போர்டு மாட்ட முடியாது.

அமெரிக்காவின் பி.எம்.ஐ. வெளியிடும் பி.எம்.பாக் இந்த மூன்றுக்கும் நடுவில் தடுமாறும் புத்தகம். 2017-இல் வந்த ஆறாம் பதிப்பு 700 பக்கத்துக்கு மேல், 49 செயல்முறைகள். 2021-இல் ஏழாம் பதிப்பு பாதியாக இளைத்து 12 கொள்கைகளோடு வந்தது. நாலே வருஷத்தில் ‘இப்படிச் செய்’ என்பதிலிருந்து ‘இப்படி இரு’ என்பதற்கு நகர்ந்துவிட்டது. வழிமுறைகளின் காலம் முடிந்து சட்டகங்களின் காலம் வந்ததை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டவில்லை.

எங்கள் துறையில் இதைக் கொண்டாடினோம். தடிமனான புத்தகம் என்றால் அதிகாரவர்க்கம், மெல்லிய புத்தகம் என்றால் சுதந்திரம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

*

கல்லூரி முடித்துச் சேர்ந்த முதல் கம்பெனியில் பயிற்சியின்போது கையில் ஒரு நாவல் கொடுத்தார்கள். எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸுடன் சேர்ந்து 1984-இல் எழுதிய ‘தி கோல்’. கோல்ட்ராட் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர். கதாநாயகன் அலெக்ஸ் ரோகோ ஒரு தொழிற்சாலை மேலாளர். மூன்று மாதத்தில் ஆலையைத் தேற்றாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். மனைவி கோபித்துக்கொண்டு போகிறாள். பழைய இயற்பியல் பேராசிரியர் ஜோனா அவ்வப்போது வந்து பதில் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். துப்பறியும் நாவலின் கட்டுமானம், அதனால்தான் ஓடுகிறது. தொழிற்சாலைக்குள் கதை நடக்க முடியும் என்று லட்சக்கணக்கான மேலாளர்களை நம்பவைத்த நாவல் அது.

அதன் உயிர் மலையேற்றக் காட்சியில் இருக்கிறது. சாரணர் சிறுவர்களை வரிசையாக அலெக்ஸ் நடத்திப் போகிறார். ஹெர்பி என்ற குண்டுப் பையன் மெதுவாக நடப்பதால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அலெக்ஸ் ஹெர்பியை முன்னால் நிறுத்தி எல்லோரையும் அவன் வேகத்துக்கு நடக்க வைக்கிறார். பிறகு அவன் பையைத் திறந்தால் குளிர்பான டின்கள், ஸ்பகெட்டி டின்கள், ஒரு இரும்பு வாணலி! சுமையை எல்லோரும் பிரித்துக்கொள்ள, வரிசை வேகம் எடுக்கிறது. ஒரு அமைப்பின் வேகம் அதன் மெதுவான கண்ணியின் வேகம்தான் என்பதை இதைவிட அன்பாக யாரும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதில் இந்தக் காட்சி என்னைப் புரட்டிப் போட்டது.

இந்த முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த மலையேற்றத்தில் பையன்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். அந்த இடைவேளையில்தான் அலெக்ஸ் தாயக்கட்டையும் தீக்குச்சிகளும் வைத்து ஒரு விளையாட்டு ஆடி, நாவலின் மையக் கண்டுபிடிப்பை அடைகிறார். கொஞ்சப் பக்கம் தள்ளி, தொழிற்சாலைக்குள், ஒரு முக்கிய இயந்திரம் ஆட்களின் சாப்பாட்டு இடைவேளையில் சும்மா நிற்பதை ஜோனா கண்டுபிடிக்கிறார். அந்த இழந்த நேரம் ஆலை முழுவதும் இழந்த நேரம் என்கிறார். தொழிற்சங்கத்துடன் பேசி இடைவேளையை மாற்றியமைக்கிறார்கள்.

மேலாளரின் சாப்பாட்டு நேரத்தில் அறிவு பிறக்கிறது. தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்தில் உற்பத்தி குறைகிறது. நாவலுக்கு இந்த முரண் தெரியவே இல்லை. ஹெர்பிக்குப் பெயர் இருக்கிறது, பை இருக்கிறது, பைக்குள் வாணலிகூட இருக்கிறது. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு அந்த அளவு உள்ளே எதுவும் தரப்படவில்லை. இயந்திரத்தின் பெயர்தான் நமக்கு ஞாபகம் நிற்கிறது: என்.சி.எக்ஸ். 10.

கோல்ட்ராட்டின் 1997 நாவல் ‘கிரிட்டிகல் செயின்’ நேரடியாகவே புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பற்றியது. ஒவ்வொருவரும் தன் வேலைக்கு நாள் சொல்லும்போது பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். பிறகு கடைசி நேரம்வரை வேலையை ஆரம்பிப்பதில்லை. ஆகவே அந்தக் கூடுதல் நாட்களை ஒவ்வொருவரிடமிருந்தும் எடுத்து, புராஜெக்ட்டின் கடைசியில் பொதுவாக ஒரே இடத்தில் வைக்கச் சொல்கிறார். குறைத்த நாட்களைத் தாண்டினால் யாரையும் தண்டிக்கக்கூடாது என்பது அதன் அவசியமான பாதி. தர்க்கம் அழகு. ஆனால் ஆபீஸுக்கு வரும்போது முதல் பாதி மட்டும்தான் வருகிறது. “பத்து நாளா? அஞ்சு நாள்ல முடிங்க.” எடுத்த அஞ்சு நாள் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை.

ஒரு முறையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது மேலாளருக்குச் சாதகமான பாதி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மற்றொரு பாதி வழியில் உதிர்ந்துவிடுகிறது. கான்பானுக்கும் இதுவேதான் நடந்தது.

*

கான்பான் பிறந்த கதைக்கு முன்னால் ஒரு தறி இருக்கிறது. 1924-இல் சாகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறியில் இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். இங்கிருந்து பஸ் பிடித்தால் எட்டிவிடும் காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளிக்கும் இதன் அருமை தெரியும். அறுந்த இழையோடு ஓடினால் ஓடும் ஒவ்வொரு விரலளவும் பாழ். நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தறி நின்றதைப் பழுது என்று பார்க்காமல் அறிவு என்று பார்த்ததுதான் அந்தக் குடும்பம் பிற்பாடு கார் செய்யப் போனபோது எடுத்துப்போன சொத்து.

டொயோட்டா உற்பத்தி முறையை வடிவமைத்த தாய்ச்சி ஓனோ 1978-இல் ஜப்பானிய மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இரண்டு தூண்களைச் சொல்கிறார். ஒன்று, தேவையான பொருள் தேவையான நேரத்தில் தேவையான அளவு வருவது. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் அலமாரியைப் பற்றி யோசித்ததில் கிடைத்த எண்ணம். கான்பான் அட்டை இந்தத் தூணைச் சேர்ந்தது. இரண்டாவது, தறியிலிருந்து வந்தது: தப்பு வந்தால் நிறுத்து. லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் ஆண்டான் பலகையில் அந்த ஸ்டேஷனின் விளக்கு எரியும். டீம் லீடர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் பிரச்சினை தீர்ந்தால் லைன் நிற்காது, தீராவிட்டால் நிற்கும். ஆக, அந்தக் கயிறு முதலில் ஒரு கூப்பிடுதல், அப்புறம்தான் நிறுத்தம்.

மென்பொருள் உலகம் முதல் தூணை எடுத்துக்கொண்டது. அட்டை, பலகை, காலங்கள். கான்பானை எங்கள் துறைக்குக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சன் ஒரு காலத்தில் இத்தனை வேலைக்கு மேல் ஏற்றாதே என்று வரம்பு கட்டச் சொன்னார். அந்த வரம்பைக்கூட நான் பார்த்த பலகைகளில் பெரும்பாலும் காணோம். இரண்டாவது தூணின் ஒரு பகுதியை மெஷின்களுக்குக் கொடுத்தோம்: டெஸ்ட் தோற்றால் பில்ட் தானாக நிற்கும். மனிதர் இழுக்கும் கயிறு மட்டும் வரவில்லை.

இதற்காக டொயோட்டாவைக் கோவிலாக்க வேண்டாம். ஓனோவின் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பத்திரிகையாளர் சதோஷி கமாட்டா 1972-73-இல் ஆறு மாதம் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, கியர்பாக்ஸ் லைனில் நின்று எழுதிய நாட்குறிப்பு. ஓனோ நிறுவனத்தின் மேல்மட்டத்தில் இருந்த அதே காலம், அதே நிறுவனம். ஓனோவின் பக்கங்களில் லைன் நிற்கிறது. கமாட்டாவின் பக்கங்களில் லைன் வேகம் கூடிக்கொண்டே போகிறது, கை மரத்துப்போகிறது, கூட வேலை பார்த்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் விஷயம். கயிறு எல்லோருக்கும் மேலே தொங்குகிறது. நிரந்தரமானவனுக்கு அது எட்டும் உயரமும் ஆறு மாத ஒப்பந்தக்காரனுக்கு எட்டும் உயரமும் ஒன்றில்லை.

இதைப் படித்தபிறகு தோழனிடம் கேட்டேன். “நீ அமுக்கியிருக்கியா?” அவர்கள் லைனில் கயிறு கிடையாது, பட்டன்.

“காண்ட்ராக்ட்ல இருந்தவரைக்கும் அமுக்குனதில்ல மச்சான். தப்பு பீஸ் வந்தா ஓரமா எடுத்து வெச்சிட்டு, பக்கத்து பர்மனன்ட் அண்ணன்கிட்ட கண்ணக் காட்டுவேன். அவரு அமுக்குவாரு. பர்மனன்ட் ஆனப்புறம்தான் நானே அமுக்க ஆரம்பிச்சேன்.”

*

இப்போது மெல்லிய புத்தகங்களுக்கு வருகிறேன். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். நான்கு மதிப்பீடுகள், பன்னிரண்டு கொள்கைகள். செயல்முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கு இடையிலான உறவும் முக்கியம் என்பது முதல் மதிப்பீடு. எழுதியவர்களில் பெரும்பாலோர் பேர்பெற்ற ஆலோசகர்கள், மூத்த நிபுணர்கள். அறைக்குள் யாரும் யாருக்கும் அப்ரைசல் எழுதப் போவதில்லை. சமமானவர்கள் சமமானவர்களுக்கு எழுதிய பிரதி என்பதால்தான் அதன் தொனி அவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது. அதே பிரதி அப்ரைசல் இருக்கும் ஆபீஸுக்குள் வரும்போது ‘உறவு’ என்ற சொல்லின் எடையே மாறிவிடுகிறது.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டை, 2020 பதிப்பை, தோழனின் கேள்வியோடு படித்தேன். யார் நிறுத்துவா? பதில் ஒரே வரியில் இருக்கிறது: ஸ்ப்ரிண்ட்டை ரத்துசெய்யும் அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும்தான். பிரின்ஸ் 2-இல்? வரம்பு மீறப்போகிறது என்று தெரிந்தால் புராஜெக்ட் மேனேஜர் மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். தொடர்வதா நிறுத்துவதா என்று போர்டு முடிவு செய்யும். இரண்டிலும் புராஜெக்ட்டை நிறுத்தும் அதிகாரம் வேலையின்மேல் கை வைத்திருப்பவரிடம் இல்லை.

டெவலப்பருக்கு ஸ்க்ரம் தருவது என்ன? ஐந்து மதிப்பீடுகள், அதில் ஒன்று தைரியம். சரியானதைச் செய்யத் தைரியம் வேண்டும் என்கிறது. எனக்கு இங்கேதான் தடுக்குகிறது. டொயோட்டா தன் தொழிலாளியிடம் தைரியத்தைக் கேட்கவில்லை, கயிற்றைக் கொடுத்தது. கயிறு இருக்கும் இடத்தில் சராசரி பயந்தாங்கொள்ளியும் லைனை நிறுத்தலாம். கயிறு இல்லாத இடத்தில்தான் வீரர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஸ்க்ரமுக்கு நியாயம் செய்ய வேண்டும். ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை வைத்துக்கொள்ளச் சொல்கிறது; அதை எட்டாத எதையும் வெளியிடக்கூடாது, ரிவ்யூவில் காட்டக்கூடக் கூடாது என்கிறது. சட்டகத்துக்குள் ஒரு தரநிலைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் இடம்தான் விட்டிருக்கிறார்கள். அதில் என்ன எழுதுவது என்பது கம்பெனியின் பாடு, டீமின் பாடு.

எங்கள் டீமில் அந்த இடத்தில் எழுதியிருந்தது: ‘டெஸ்டிங் முடிந்தது.’ முடிந்தது என்றால் யார் சொல்லி முடிந்தது என்று இல்லை.

*

சில வருஷங்களுக்கு முன்னால், வேறொரு கம்பெனியில், நான் ஸ்க்ரம் மாஸ்டராக இருந்தேன். வெள்ளிக்கிழமை வெளியீடு. புதன் காலை ஸ்டாண்ட்-அப்பில், சேர்ந்து ஒரு வருஷம் ஆன டெஸ்டர் பெண் ஒருத்தி சொன்னாள்: “இந்த பில்டை விட வேண்டாம். பழைய டேட்டா இருக்கற அக்கவுண்ட்ல பேலன்ஸ் தப்பா வருது. எல்லாத்துலயும் இல்ல. ஆனா வருது.”

மேனேஜர் சிரித்துக்கொண்டே “இதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்” என்றார். ஆஃப்லைனில் அவளைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார். வாடிக்கையாளர் கூட்டத்துக்கான ஸ்லைடில் நான் சிவப்பு வைத்திருந்தேன். மஞ்சளாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். எங்கள் துறையில் இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்று பெயர்: வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. ஜிராவில் அவள் போட்டிருந்த டிக்கெட்டை ‘அறிந்த குறை’ என்று குறித்து மூடினேன். மூடியது என் விரல்.

சனிக்கிழமை இரவு அழைப்பு வந்தது. ஞாயிறு முழுவதும் பழைய நிலைக்குத் திருப்பினோம். யாரையும் யாரும் திட்டவில்லை. அடுத்த ரெட்ரோவில் ‘தொடர்பாடல் மேம்பட வேண்டும்’ என்று மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினோம். வருஷக் கடைசியில் அவளுடைய அப்ரைசலிலும் அதே வாக்கியம் வந்தது: தொடர்பாடல் மேம்பட வேண்டும். சில மாதத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. ஸ்டாண்ட்-அப் நடந்தது, ரிவ்யூ நடந்தது, ரெட்ரோ நடந்தது. சட்டகம் முழுசாக இருந்தது. அது காலியாக விட்டிருந்த இடத்தைத்தான் யாரோ நிரப்ப வேண்டியிருந்தது; அப்ரைசல் எழுதும் கை நிரப்பிவிட்டது. காலி இடம் சுதந்திரமாக இருப்பது சமமானவர்களுக்கு நடுவில் மட்டும்தான். மற்ற இடங்களில், சட்டகம் எதைச் சொல்லாமல் விடுகிறதோ அதை அதிகாரம் சொல்லும்.

*

ஆகவே நான் இவ்வளவு நாள் கிண்டலடித்த தடிமனான எழுத்துக்குத் திரும்பிப் போனேன். கார் உதிரிபாகத் துறையின் தர மேலாண்மைத் தரநிலை ஐ.ஏ.டி.எஃப். 16949. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கார் கம்பெனிக்குப் பொருள் சப்ளை செய்கிற ஆலைகளில் இந்தப் பெயர் தெரியாத குவாலிட்டி ஆள் இருக்க மாட்டார். உலகின் மிக வறண்ட உரைநடைகளில் ஒன்று. அதன் ஐந்தாவது பிரிவுக்குள் ஒரு விதி: பொருளின் தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு, அனுப்புவதை நிறுத்தவும் உற்பத்தியை நிறுத்தவும் அதிகாரம் இருப்பதை உயர்மட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும், எல்லா ஷிஃப்டிலும் அப்படிப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும். உடனே நிறுத்த முடியாத வகைத் தயாரிப்பும் உண்டு என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள்.

‘தைரியம்’ என்ற சொல் இல்லை. ‘பண்பாடு’ இல்லை. நிறுத்தலாம் என்று இருக்கிறது, யார் என்று இருக்கிறது, நைட் ஷிஃப்டிலும் என்று இருக்கிறது. அந்தப் பெண் கையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அவள் என்னோடு வாதாட வேண்டியிருந்திருக்காது. தளை தட்டுகிறது என்று சுட்டிக்காட்டும் பள்ளிச் சிறுவன் மாதிரி, விதியைக் காட்டியிருந்தால் போதும். கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று சொன்னால் அது கருத்து. ‘இதில் இப்படி இருக்கிறது, இது அப்படி இல்லை’ என்று சொன்னால் அது தகவல். எழுதிவைத்த தரநிலை செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான். பயந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம்.

ஆனால் என் தோழனின் கம்பெனியிலும் அந்தக் காகிதம் இருந்தது. பட்டனும் இருந்தது. அவன் அமுக்கவில்லையே?

1984-இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நும்மி என்ற ஆலையைத் தொடங்கின. ஜி.எம். மூடிய பழைய ஆலை. பெரும்பாலும் அங்கே முன்பு வேலை பார்த்த அதே ஆட்கள். மோசமான தரத்துக்குப் பேர்போன இடம் சீக்கிரமே நல்ல தரத்துக்குப் பேர்வாங்கியது. கயிறு அங்கே வேலை செய்தது. அதோடு தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இன்னொன்றும் எழுதப்பட்டிருந்தது: நெருக்கடி வந்தால் மற்ற வழிகளையெல்லாம் பார்க்காமல் ஆட்குறைப்பில் இறங்குவதில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சியில் உட்காரவைத்தார்கள். ஜி.எம். தன் மற்ற ஆலைகளுக்கு இந்த முறையைக் கொண்டுபோகப் பார்த்தபோது அதே விளைவு எளிதில் வரவில்லை. கயிற்றை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், வாக்குறுதியைத்தான் கட்ட முடியவில்லை.

இந்த சாலையில் வளர்ந்தவனுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-இல் தொடங்கி 2014-இல் நின்றது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மறைமலை நகரில், ஃபோர்ட் 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கேயும் வழிமுறை, சட்டகம், தரநிலை எல்லாம் இருந்தன. லைனை நிறுத்தும் பட்டன் உள்ளே இருந்தது. ஆலையை நிறுத்தும் பட்டன் வேறு நாட்டில் இருந்தது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புத்தகங்கள் அதை ‘இடர்’ என்ற தலைப்பில் வைக்கும். இழுக்கக் கயிறு இல்லை என்று நினைத்தவர்கள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்றும் அதைப் படிக்கலாம்.

ஆக என் பதில் இது. எந்த முறை சிறந்தது, அஜைலா வாட்டர்ஃபாலா, பிரின்ஸா ஸ்க்ரமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஒரு முறை கையில் வந்தால் மூன்று கேள்விகளோடு படிக்கிறேன். இதில் நிறுத்தலாம் என்று யாருக்கு எழுதியிருக்கிறது? நிறுத்தினால் யார் ஓடி வருவார்? நிறுத்தியவர் அடுத்த வருஷமும் இங்கே இருப்பாரா? முதல் கேள்விக்குத் தரநிலை பதில் சொல்லும். இரண்டாவதற்கு நல்ல வழிமுறை சொல்லலாம். மூன்றாவதற்கு எந்தப் புத்தகமும் சொல்லாது. அது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது.

இப்போது நான் இருக்கும் டீமில் ‘முடிந்தது’ என்பதன் வரையறையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். டெஸ்டர் ஒருவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வெளியீடு இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இதை அப்ரைசலில் குறிப்பிடக்கூடாது. மேனேஜரிடம் ஒப்புதல் வாங்க ரெண்டு மாசம் ஆனது. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

தோழனிடம் இதைச் சொன்னேன். அதே டீக்கடை.

“யாரும் அமுக்கலன்னா தப்பே வரலன்னு அர்த்தமில்லடா” என்றான். “மொதல்ல நீ அமுக்கு. எல்லாரும் பாக்கற மாதிரி.”

வரும் புதன்கிழமை எங்களுக்கு ஸ்டாண்ட்-அப் இருக்கிறது. என் பக்கத்து வேலையில் சரியாக இல்லாத ஒன்று எனக்குத் தெரியும்.